வலது பக்கம் மெல்லாதவள்

பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்கு ஒத்தக்கன்னம் என்று பெயர். சாப்பிடும்போது இடது கன்னம் மட்டும் உப்பும். வலது கன்னம் சும்மா கிடக்கும். விளக்குக்கு எதிரே வரிசையாக ஓடிவரும் பாட்டில்களில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. சொன்ன சொல்லைத் தட்டாதவள் என்று மேஸ்திரிக்கு அவள்மேல் தனி மதிப்பு.

ஒரு மத்தியானம் ரொட்டியின் முறுகிய ஓரத்தைக் கடித்தபோது இடது கடைவாயில் மளுக்கென்றது. பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. உயிர் போகிற வலி. வெல்டிங் பட்டறையிலிருந்து கணவன் போட்டது போட்டபடி ஓடிவந்து, பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

மருத்துவர் இளம்பெண். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இடது பக்கம் எல்லாப் பல்லும் தேஞ்சு தட்டையாகியிருக்கு. வலது பக்கம் சொத்தைப் பல்லுல ஒரு வெள்ளி அடைப்பு இருக்கே, எப்பப் போட்டது?”

“கல்யாணத்துக்கு முன்னாடிங்க. மூத்தவளுக்கே இப்ப முப்பது வயசாகுது.”

“ஓரத்துல ஒரு இடுக்குகூட விடல. கல்லு மாதிரி நிக்குது. அப்புறம் ஏன் அந்தப் பக்கம் மெல்லறதே இல்ல?”

“மெல்லக் கூடாதுன்னு அடைச்ச டாக்டர் சொன்னாருங்க.”

“எத்தனை நாளைக்கு?”

அவள் திருதிருவென்று விழித்தாள். அன்று அந்த டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

“ஒரு நாளைக்கும்மா,” என்றாள் மருத்துவர், குரலைத் தணித்து. “போட்டதும் மெத்துன்னு இருக்கும். இறுகிக் கெட்டியாக ஒரு நாள் ஆகும். அதுக்கப்புறம் எதை வேணும்னாலும் மெல்லலாம்.”

கணவன் பக்கென்று சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுபோயிற்று.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கோழி கொத்துகிற மாதிரி சாப்பிடுகிறாள் என்று மாமியாரிடம் வாங்கிய ஏச்சு, பாதிச் சாப்பாட்டில் மணி அடித்ததும் மூடிவைத்த டப்பாக்கள், தாடையிலிருந்து நெற்றிப்பொட்டுக்கு ஏறும் அந்தத் தலைவலி. எல்லாம் ஒரே ஒரு நாளைக்குச் சொன்ன சொல்லுக்கா?

பிளந்த பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து, “கடிச்சுக்கங்க,” என்றாள் மருத்துவர். பேச முடியாமல் அவள் மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எவ்வளவு நேரம்?

புண் ஆறும்வரை வலது பக்கம்தான் மென்றாக வேண்டும். வீட்டில் கணவன் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது பக்கம் கடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“எங்க அண்ணன் வீட்டுப் பக்கம் போகாதேன்னு ஒரு தடவை சொன்னீங்களே, அது எத்தனை நாளைக்கு?”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோது மைத்துனனோடு ஏதோ வாய்த்தகராறு. எதற்கென்றுகூட ஞாபகம் இல்லை.

“அது ஏதோ கோவத்துல சொன்னது. உனக்கே போகப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன்.”

“எனக்கா?”

அவன் எழுந்துபோய்க் காலண்டரில் அடுத்த விடுமுறை எப்போதென்று பார்த்தான்.

விடுமுறை நாளில் இருவரும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். கதவைத் திறந்தவர் தலை முழுக்க நரைத்திருந்தது. “யாரு வேணும்?” என்றார்.

“நான்தாண்ணே.”

தாழ்ப்பாளைப் பிடித்த கையை எடுக்காமல் அவர் அப்படியே நின்றார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். தெருவிலேயே தயங்கி நின்றவனைப் பார்த்து, “உள்ள வாங்க மாப்பிள்ளை,” என்றார்.

அண்ணி பரிமாறினாள். தங்கையின் தட்டையே அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் பாப்பா இவ்வளவு மெதுவா சாப்பிடற?”

“அது பெரிய கதைண்ணே,” என்றாள் அவள்.