மெல்வினின் அரை மணி நேரம்

ஒன்றரை மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது மெல்வின் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். போனில் வரப்போவது குரல் மட்டும்தான். ஏற்காட்டு மூடுபனியில் படம் நின்று நின்று வந்ததால் முகம் பார்த்துப் பேசுவதை முதல் வாரமே விட்டுவிட்டார்கள். ஆனாலும் வாருவார், கழுத்துப் பொத்தானைப் போடுவார். ஒண்டிக்கடை முக்கில், வனிதாவின் டீக்கடைக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு மரபெஞ்சு உண்டு. அதன் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பக்கத்தில் வைத்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்வார். அழைப்பு வந்ததும் எழுந்து நிற்பார். அந்தப் பக்கம் ஜெர்மனிக்காரர் ஹோல்கர் "வணக்கமுங்க" என்று சொன்ன பிறகுதான் உட்காருவார்.

மெல்வினுக்கு முப்பத்தாறு வயது. இங்கே ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். வீடு மாரமங்கலத்தில். அங்கே சிக்னல் கிடைக்காது, மழைக்காலத்தில் கரண்டும் கிடைக்காது. வியாழக்கிழமை காலை டியூட்டி ஒரு மணிக்கு முடியும். நான்கு மணி பஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் நேரம் ஹோல்கருக்கு. நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையின் பின் ஜன்னல் அந்த பெஞ்சைப் பார்த்துத் திறக்கிறது. மதியம் கடைக்கு ஆள் வராது. அப்படித்தான் இதெல்லாம் என் காதில் விழுந்தது.

மொழிக்கு மொழி கொடுத்து வாங்குகிற ஏற்பாடு அது. இணையத்தில் யாரோ இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் முதல் அரை மணி தமிழ், அடுத்த அரை மணி ஜெர்மன். மெல்வினுக்கு அது பிழைப்பு. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லி, ஜனவரி முடியும்வரை இடத்தை வைத்திருக்கிறது. அதற்குள் ஜெர்மன் தேர்வில் பாஸாக வேண்டும். வாசிப்பது, எழுதுவது, கேட்டுப் புரிந்துகொள்வது மூன்றிலும் பாஸ். மீதி இருப்பது பேச்சு.

ஹோல்கருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவர் வீட்டுக்கு மேலே இருக்கும் மாடி வீட்டுக்கு ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் குடிவந்தது. படிக்கட்டில் எதிர்ப்படும்போது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை.

இப்படி ஒரு கூட்டாளி கிடைக்க ஹோல்கர் கொடுத்துவைத்தவர். மெல்வின் வாரத்துக்கு ஒரு விஷயம் தயார் செய்துகொண்டு வருவார். ஒரு வாரம் சந்தை, ஒரு வாரம் மழை, ஒரு வாரம் காய்ச்சல்காரரை விசாரிப்பது. வார்டில் கழித்துப்போட்ட டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி வைத்திருப்பார். ஹோல்கர் ஒரு சொல்லுக்குத் திணறினால் எடுத்துக் கொடுக்க மாட்டார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தானே பிரசவ வலியில் இருப்பவர்போல் காத்திருப்பார். "அவியளே தேடிப் புடிச்சாத்தானுங்க மனசுல நிக்கும்" என்பார் என்னிடம். தப்புகளைப் பேச்சின் நடுவில் திருத்த மாட்டார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைசியில் மூன்றே மூன்றைச் சொல்வார். "மிச்சம் அடுத்த வாரமுங்க. ஒரேடியாச் சொன்னா மனுசனுக்கு வாய் கட்டிப்போயிரும்."

தமிழ்தான் முதலில் என்று முடிவு செய்ததும் மெல்வின்தான். "அவிய விருந்தாளி மாதிரிங்க. அவியளுக்குப் போட்டுட்டுத்தானுங்க நாம எலைல ஒக்காரோணும்." அரை மணி ஆனதும் போனில் அலாரம் அடிக்கும். ஹோல்கர் அப்போது ஏதாவது ஒரு கதையின் நடுவில் இருப்பார். பனிக்காலத்தில் பஸ் சறுக்கியது, பயணி ஒருவர் வாத்தைக் கூடையில் கொண்டுவந்தது. மெல்வின் கட்டைவிரலால் அலாரத்தை அணைத்துவிட்டு, "அப்புறமுங்க?" என்பார். அப்புறம் என்று கேட்டால் எந்த மனிதரும் சொல்லத்தானே செய்வார். கதை முடியும்போது மணி இரண்டரை ஆகியிருக்கும். மெல்வினின் ஜெர்மன் அந்த மரத்தடியில் கடைசி இரண்டு நிமிடம் கேட்கும். நன்றி சொல்வதும் விடைபெறுவதுமாக.

எட்டு மாதத்தில் ஹோல்கர் சேலத்துக்காரர் ஆகிவிட்டார். "ஏனுங்க மெல்வின், சாப்ட்டாச்சுங்களா? இங்க நொம்பக் குளுருங்க" என்று ஸ்பீக்கரில் குரல் வரும்போது, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மஞ்சக்குட்டை ஊருக்கு ஜீப் ஓட்டும் டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மாடி வீட்டுக்காரர் அவரிடம், "சொல்லுக்குச் சொல்லு 'ங்க' போடுறியள், உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டாராம். "ஏற்காடுங்க" என்று பதில் சொன்னதாக ஹோல்கர் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு மெல்வின் டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

வனிதாவுக்கு வாய் சும்மா இருக்காது. "வெள்ளக்காரரு நல்லாப் பேசறாருங்கண்ணா. நீங்க எப்பப் பேசுவீங்க?"

"பேசறனுங்க வனிதா. அவிய முடிக்கட்டும்."

"அவரு முடிக்கறதுக்குள்ள உங்களுக்கு ரிட்டயர்டு ஆயிருமுங்க."

மெல்வின் சிரிப்பார். வார்டிலும் அவருக்குப் பேச்சு குறைவுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மூச்சை இழுங்க, விடுங்க, இந்தப் பக்கம் திரும்புங்க, வலிக்குதுங்களா. நாளெல்லாம் பேசுவது இவ்வளவுதான். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் ஓசூரில். கல்யாணம் இரண்டு தடவை பேச்சுவார்த்தையோடு நின்றுபோனது. அதை எனக்குச் சொன்னது வனிதா.

ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கடையில் அவர் மறந்து விட்டுப்போன அசல் சான்றிதழைக் கொடுக்க. காப்பிச் செடிகளுக்கு நடுவே இரண்டு அறை. வாசற்கதவில், தண்ணீர்க் குடத்தில், ஜன்னல் கம்பியில், உப்பு டப்பாவில் எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டி, தமிழ் எழுத்தில் ஜெர்மன் பெயரை எழுதியிருந்தார். நாற்காலி இரண்டு இருந்தது. இரண்டிலும் அதே சொல். ஒன்றில் பிளாஸ்டர் முதுகு உரசி உரசி அழுக்காகி விளிம்பு சுருண்டிருந்தது. மற்றதில் ஒட்டியபடியே வெள்ளையாக இருந்தது. என்னை அதில் உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். நான் பேசுகிற ஆள் இல்லை, அவரும் இல்லை. கூரையில் மழை பெய்வதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பஸ் சத்தம் வந்ததும் எழுந்துகொண்டேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அழைப்பு வரவில்லை. ஒன்றே முக்கால், இரண்டு, இரண்டேகால். மெல்வின் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பனி இறங்கிச் சட்டை ஈரமாயிற்று. நீங்களே கூப்பிட்டுப் பாருங்களேன் என்று வனிதா சொன்னதற்கு, "அவியளுக்கு என்ன ஜோலியோ, தொந்தரவு பண்ணக் கூடாதுங்க" என்றார். இரண்டரைக்கு அழைப்பு வந்தது. குளிர்காலத்துக்காக ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்களாம். ஹோல்கர் தன் பத்து மணிக்குச் சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். "காத்திருந்தீங்களா?" என்று பதறினார். "இல்லீங்க, இப்பத்தான் வந்தனுங்க" என்றார் மெல்வின்.

பேச்சுத் தேர்வில் ஆகஸ்டில் ஒரு முறை ஃபெயில். நவம்பரில் இரண்டாம் முறையும் ஃபெயில். மதிப்பெண் தாளை ஜெராக்ஸ் போட்டவன் நான்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். முதலில் கொடுத்த விஷயத்தைப் பற்றி நான்கு நிமிடம் பேச வேண்டும். அவருக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு தேர்வரோடு வாதாட வேண்டும். எதிரே ஒரு கேரளத்துப் பெண். மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். மெல்வின் மறுக்க வேண்டும்.

"அந்தப் புள்ள சொன்னது சரிதானுங்களே தம்பி. சரின்னுட்டேன். அப்புறம் அது பேசி முடிக்கட்டும்னு இருந்தேன். முடிக்கறப்ப மணி அடிச்சிருச்சுங்க."

அடுத்த வியாழக்கிழமை ஹோல்கர் விசாரித்தார். "பரீச்ச என்னாச்சுங்க?"

ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மெல்வின் போனைப் பார்த்தார், மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைப் பார்த்தார். "பாஸ் ஆயிட்டனுங்க" என்றார்.

அந்தப் பக்கம் ஹோல்கர் கைதட்டிய சத்தம் ஸ்பீக்கரில் படபடவென்று கேட்டது.

மூன்றாவது தேர்வுக்கு ஜனவரியில் தேதி கிடைத்தது. ஜனவரி முடிந்தால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை, கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தபோது, மெல்வின் ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். தேர்வுக்குத் தயார் செய்த நான்கு நிமிடப் பேச்சு அது. "இன்னிக்கு உண்மையச் சொல்லிப்போட்டு, எனக்கு ஒரு மணி நேரம் முழுசா வேணும்னு கேட்டுப்போடறனுங்க" என்று வனிதாவிடம் சொன்னார். வனிதா அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக வந்து நின்றாள்.

ஹோல்கர் உற்சாகமாக இருந்தார். மாடி வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்திருக்கிறார்களாம். அவர்களுக்குக் கார் இல்லை. இனி வியாழக்கிழமைதோறும் காலையில் அவர்களைச் சந்தைக்குத் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாராம். "போற வழியெல்லாம் தமிழ்தானுங்க மெல்வின். நீங்களும் பாஸு, நானும் பேசறனுங்க. நம்ம வேல முடிஞ்சுதுங்க. நீங்க இங்க வந்ததும் எங்கூட்டுக்கு வாங்க. நேர்ல பேசலாமுங்க."

மெல்வினின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. "சார், ஒன்னு கேக்கோணுமுங்க."

"சொல்லுங்க."

ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் இறங்கியது.

"ஒடம்பப் பாத்துக்கங்க. அங்க குளுரு நொம்பங்களாமே."

பேசி முடித்து, போனின் திரை அணைந்த பிறகும் மெல்வின் நின்றுகொண்டிருந்தார். வனிதா கேட்காமலேயே டீ கொண்டுவந்தாள்.

"ஏனுங்கண்ணா கேக்கல?"

"அவிய சந்தோசமா இருக்காங்க. அதுல போயி எப்படிக் கேக்கறது."

"மொதல்ல பாஸுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"பெயிலுன்னா அவியளுக்கு வருத்தமாப் போயிருமுங்க. எட்டு மாசமா தான் மட்டுமே பேசிட்டோம்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டுமே. வருத்தப்பட்டாச் சொல்லி ஆத்திக்க அவருக்கு மேல் ஊட்டுல ஆளிருக்குது. உங்களுக்கு யாருங்க இருக்கா?"

சொன்ன பிறகு வனிதாவுக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். காலி கிளாஸுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். மெல்வின் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

இனி அழைப்பு வராது, மறு வியாழக்கிழமை அவரும் வர மாட்டார் என்று நினைத்தேன். இரண்டரைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன் இல்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, "தம்பி, கடைல ஆளிருக்குதுங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா."

"ஒரு நாலு நிமிசம் இங்க வந்து ஒக்காருங்க. உங்களுக்கு ஒன்னும் புரியாது. எனக்கும் அதுதான் சௌரியம்."

போய் உட்கார்ந்தேன். தாளை விரித்து வைத்துக்கொண்டு ஜெர்மன் பேச ஆரம்பித்தார். முதலில் ஒவ்வொரு வாக்கியமும் படியில் கால் தடவி இறங்குவதுபோல வந்தது. பிறகு தாள் மடியில் கிடந்தது. கண் அதில் இல்லை. நான்கு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. தெரியாத சொற்களுக்கு நடுவே எனக்குத் தெரிந்தவை வந்துபோயின. மாரமங்கலம். ஓசூர். அம்மா. ஹோல்கர். பிறகு மறுபடியும் அம்மா. அவருடைய குரல் இவ்வளவு கனமானது என்று அன்றுதான் தெரிந்தது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று நான் ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தேன். அவர் 'நைன்' என்றார். இல்லை என்று அர்த்தம், அது மட்டும் எனக்கே தெரியும். பெஞ்சில் உள்ளங்கையால் ஒரு அடி அடித்து, இன்னொரு முறை 'நைன்' என்று சொல்லி, ஏன் இல்லை என்று எனக்கு நீளமாக விளக்கினார். வனிதா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

முன்பக்கத்திலிருந்து ஒருவர், "ஏனுங்க, ஆதார் ஜெராக்ஸ் போடோணும், ஆளிருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். மெல்வின் பேச்சை நிறுத்தவில்லை, என் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. கையை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்து, பெஞ்சில் என்னைத் திரும்ப உட்காரவைத்தார்.