பதினான்காம் எண் பெல்ட்

கெலாங் பாத்தாவில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், சென்ற ஆண்டு எல்லார் இடுப்பிலும் ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டார்கள். தவறாகக் குனிந்தால் அது முதுகில் அதிரும். எத்தனை தடவை அதிர்ந்தது என்று கணினிக்கும் சொல்லிவிடும்.

அதை வடிவமைத்த பெண் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். தமிழ்ப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும்.

“இது உடம்போட பேசும் அங்கிள். உடம்பு சொல்றத முதல்ல கேட்டுக்கும், அப்புறந்தான் பதில் சொல்லும்.”

இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு வாய்க்காத குணம். மரியாதையோடு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் பெட்டி தூக்குகிறவன் அல்ல, பணியாளர் பிரிவில் எழுத்தர். ஆபீஸ்காரரும் கட்டிக்கொண்டால் மற்றவர்களுக்குப் பயம் தெளியும் என்று மேலாளர் நினைத்தார். எனக்கு ஏழாம் எண்.

பதினான்காம் எண், பெட்டி அடுக்கும் அக்காவுக்கு. என்னைவிட நான்கு வயது மூத்தவர். என் நரையைப் பார்த்த பிறகும் என்னைத் தம்பி என்று அழைக்கும் ஒரே ஆள். இரண்டு வருடமாக அவருக்கு இடுப்பு வலி. அது எனக்கும் அவருடைய தைலப் புட்டிக்கும் மட்டும் தெரியும். அந்த மாதம் அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. பெல்ட் யாரைச் சிவப்பில் காட்டுகிறதோ அவரை டாக்டரிடம் அனுப்புவார்கள். டாக்டர் முடியாது என்றால் கான்ட்ராக்ட் கிடையாது. அவர் வீட்டில் வேலைக்குப் போவது அவர் ஒருவர்தான்.

“அலமாக், இது என்னைக் காட்டிக் குடுத்துரும் தம்பி” என்றார் முதல் நாள் காலை.

இரண்டு பெல்ட்டுக்கும் எண்ணைத் தவிர வித்தியாசமில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். நாளெல்லாம் நாற்காலியில் இருக்கும் முதுகு, பாரம் அறியாத முதுகு. அக்காவின் எண்ணுக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு எது? நிறையப் படித்தவனுக்கு இப்படித்தான் யோசனை வரும்.

இரண்டு வாரம் மாற்றிக் கட்டிக்கொண்டோம். என் இடுப்பில் அது ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் எதையும் தூக்கவில்லை. எனவே அது பெல்ட்டின் கோளாறு என்று தீர்மானித்து, இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

பட்டியல் வந்தது. சிவப்பில் ஒரே ஓர் எண், பதினான்கு. அக்காவை டாக்டரிடம் அனுப்பும் கடிதத்தைத் தட்டச்சு செய்ய வேண்டியவன் நான். அவருடைய பெயரை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். பிறகு எழுந்து பெல்ட்டை வடிவமைத்த பெண்ணைத் தேடிப் போனேன்.

அவள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். “அங்கிள், நேத்து மட்டும் முந்நூறு தடவை கீழ இறங்கி எந்திரிச்சிருக்கீங்க. ஆபீஸ்ல என்ன, ஜிம்மா?”

சொல்லிவிட்டேன். பெல்ட்டை மாற்றியது, மாற்றச் சொன்னது, எல்லாமே.

அவள் சிரிப்பு நின்றது. எங்கள் இரண்டு பெல்ட்டும் திரையில் வரைந்திருந்த கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “அப்ப இந்த முந்நூறும் அந்த ஆன்ட்டியா? ஒரு தடவைகூட இடுப்ப வளைக்கலயே. முட்டிய மடக்கி, நேரா இறங்கி, நேரா எந்திரிச்சிருக்காங்க. எங்க பயிற்சி வீடியோல வர்ற ஆள்கூட இவ்ளோ சுத்தமா தூக்கல.” திரையில் என் கோட்டைத் தொட்டாள். “இது, எட்டு மணி நேரமும் வளைஞ்சே கெடக்கு. இறால் மாதிரி.”

மேலாளருக்கு அவளே சொன்னாள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்; பிழையில்லாமல் வந்தது. டாக்டரிடம் போகும் முறையும் எனக்கே வந்தது. அக்காவுக்கு மறு வருடத்துக்குக் கான்ட்ராக்ட் தயாரானது.

கையெழுத்துப் போட அவர் என் மேசைக்கு வந்தார். கோடு, முட்டி, பயிற்சி வீடியோ எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பாராட்டு என்று புரியும்படிதான் சொன்னேன். கையெழுத்தைப் போட்டு, பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வளைச்சா உயிர் போவுது தம்பி, அதான் வளைக்கல. அது தெரியலயா அதுக்கு?”

“தெரியாதுக்கா.”

“அப்ப எனக்கு வலியே இல்லன்னு எழுதியிருக்கா?”

அப்படி எழுதவில்லை. வலிக்கென்று அதில் இடமே இல்லை. அந்த வலி தெரிந்திருந்தால் அவர் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“கொஞ்ச நேரம் உக்காருங்கக்கா.”

“வேணாம் தம்பி. உக்காந்தா எந்திரிக்க முடியாது” என்று சொல்லிவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்து நிதானமாகத் திரும்பி, பெட்டிகள் இருந்த பக்கம் நடந்தார்.