ஓர்ஃபாவின் ஊற்றுக்கு ஒரு பல்லி

ஓர்ஃபா லெட்ஃபோர்டுக்குச் சுத்தப் பைத்தியம். கரோலினா மலைக்காட்டையே ஒப்படைத்தாலும் மரம் மரமாகத் துடைத்து வைப்பாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்றை மட்டும் விட்டுவைப்பாளா? கல், சருகு, பாசி எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு, பிரஷ்ஷால் தினமும் தேய்த்தாள்.

வந்தது வினை. எங்கள் பக்கத்தில் ஊற்றில் பல்லி இருந்தால்தான் அது நல்ல தண்ணீர். பல்லி என்றால் சுவரில் ஓடுவது இல்லை. வழவழவென்று ஈரமாக இருக்கும் சின்னச் சாலமாண்டர். கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறன்று சர்ச் விருந்துக் காபி எப்போதும் ஓர்ஃபாவின் தண்ணீரில்தான் கொதிக்கும். அவளுக்கு இருந்த ஒரே பெருமை அது. இந்த வருஷம் நாத்தனார் டோவி, ஓர்ஃபாவின் ஊற்றில் பல்லியே இல்லை என்று ஊரெல்லாம் பற்ற வைத்துவிட்டாள். விருந்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை ஊர்ப் பெண்கள் நேரில் வந்து பார்ப்பார்களாம்.

ஓர்ஃபா மேட்டுக்காட்டுக்குப் போய் உளுத்த கட்டையைப் புரட்டி, விரல் நீளத்தில், முதுகில் சிவப்புப் பட்டை போட்ட ஒன்றைப் பிடித்து வந்து ஊற்றில் விட்டாள். அது ஏறி வெளியே வந்தது. மறுபடி விட்டாள், மறுபடி வந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சொன்ன மாதிரி முறைத்துக்கொண்டு காட்டைப் பார்த்து நடந்தது.

புருஷன் ஹாய்ட் தூண்டில் இரைக்காக இதுகளைப் பிடித்துப் பழகியவன். சிவப்புப் பட்டை கட்டைக்கடியிலேயே பிறந்து வளர்வது, முட்டைகூடத் தண்ணீரில் இடாது என்றான். ஊற்றுப் பல்லி பழுப்பு நிறம், பின்னங்கால் தடிமன், கண்ணிலிருந்து வாயோரம் வரை வெளிர் கோடு. அதற்குக் கல்லும் மக்கிய சருகும் வேண்டும்.

"நீ ஒரு கல்லையாவது விட்டு வச்சியா? இந்தச் சுத்தத்துல எது குடியிருக்கும்? நானே பயந்து பயந்துதான் இருக்கேன்."

ஓர்ஃபா அழுதேவிட்டாள். பிறகு சிவப்புப் பட்டையை அதன் கட்டைக்கடியில் சேர்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாரிக் கொட்டிய குப்பையைத் தன் கையாலேயே ஊற்றோரம் திரும்பப் போட்டாள். இரண்டு மழைக்குப் பிறகு கல்லுக்கடியில் ஏதோ அசைந்தது.

சனிக்கிழமை டோவி நாலு பெண்களோடு வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஓர்ஃபா, இவ்வளவு குப்பை?"

"அந்தக் கல்லப் புரட்டிப் பாருங்க, அண்ணி."

புரட்டினாள். தடித்த காலும் வெளிர் கோடுமாக ஒன்று துள்ளி, நேரே அவள் சட்டைக் கைக்குள் புகுந்தது. டோவி ஊற்றிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். பல்லி வெளியே வந்து, பழையபடி கல்லுக்கடியில் போய்ப் படுத்தது.

மறுநாள் காபி ஓர்ஃபாவின் தண்ணீரில்தான் கொதித்தது. டோவியைத் தவிர எல்லோரும் ரெண்டு கோப்பை குடித்தார்கள். டோவி உட்கார்ந்த இடத்தைத் தேய்த்துக் கழுவ ஓர்ஃபாவுக்கு இன்றும் கை அரிக்கிறது. தொடமாட்டாள். பல்லி அங்கேதான் இருக்கிறது.