கஜானி கொடுக்காமல் வைத்திருந்த கடிதம்

கஜானியைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் குறைதான் சொல்வார்கள். சிரிக்க மாட்டாள், யாரோடும் ஒட்ட மாட்டாள், விசேஷ வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளைப் பற்றி இவர்கள் பேசுகிற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ராக்கப்பன். சிவகங்கைப் பக்கத்து ஆள். ஷார்ஜாவில் விசேஷங்களுக்கு அலங்காரம் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். கஜானி யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிக்காரி. வயது முப்பத்தேழு. அஜ்மானில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரே ரூமில் தங்கியிருக்கிறாள். காலையில் அவளை ஏற்றிக்கொண்டு வருவது என் டியூட்டி. பலூன் மாலை கட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. முந்நூறு பலூனில் ஒன்றின் சைஸ் கூடக் குறைய இருந்தால் கண்டுபிடித்துக் குத்தி உடைத்துவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். ஒரே நாளில் ஒரு பிரைடல் ஷவர், ஒரு பேச்சலரெட் பார்ட்டி. இரண்டும் கல்யாணப் பெண்ணுக்கு நடப்பதுதானே, எதை எங்கே இறக்கினால் என்ன என்று நினைத்து மாற்றி இறக்கிவிட்டேன். மாமியாரும் பெரியம்மாக்களும் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த ஹாலில், 'இன்றோடு ஆட்டம் முடிந்தது' என்று மினுமினுக்கும் போர்டும், பிசாசுக் கொம்பு வைத்த தலைப்பட்டை ஒரு டஜனும் போய் இறங்கின. முதலாளி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். வேனில் திரும்பும்போது கஜானிதான் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"ஷவர் எண்டது குடும்பத்துக்கு அண்ணை. தாய், பெரியம்மா, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளையள் எல்லாரும் வருவினம். பகல்லதான் வைப்பினம். பரிசு குடுத்து, வளையல் போட்டு, பொம்பிளைய வாழ்த்துவினம். மற்றது சிநேகிதியளுக்கு. அங்க ஒரு பெரிய மனிசரும் வராயினம். பாட்டு, ஆட்டம், போட்ல சுத்துறது. பரிசு ஒண்டும் தேவையில்லை. பொம்பிளை தனக்கு விருப்பமான மாதிரிச் சிரிச்சுக்கொண்டு இருக்கலாம்."

"எது பெருசு?" என்று கேட்டேன்.

"ஷவர்லதான் தாய்க்காரியின்ரை மானம் கிடக்கு" என்றாள்.

அப்போது அவள் பல்லைக் கடித்தது ஏன் என்று எனக்குத் தெரியாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

பன்னிரண்டு வருடம் முன்பு துபாயில் மகேசன் என்று ஒரு பெரிய உத்தியோகக்காரர் வீட்டில் வேலைக்கு வந்தவள் அவள். அவர்களும் யாழ்ப்பாணம்தான். சொந்த ஊர்ச் சனம், நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்று நம்பி வந்தாள். மகேசனின் மனைவி இவளுடைய போனை வாங்கித் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் தருவார். மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அந்த வீட்டில் ஷவர் வைத்தார்கள். அதற்கு முந்தைய நாள் ஊரிலிருந்து வீட்டு நம்பருக்குப் போன் வந்தது. கஜானியின் புருஷன் தாரகன் கிணறு இறைக்கப் போன இடத்தில் மண் சரிந்து செத்துப்போனான்.

அந்த அம்மாள் அதைச் சொல்லவில்லை. இவள் விடிய எழுந்து கட்லட் உருட்டினாள். நாற்பது பேருக்குப் பந்தி வைத்தாள். அவ்வளவு பாத்திரத்தையும் கழுவினாள். மூன்றாம் நாள் காலையில்தான் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "நல்ல காரியம் நடக்கிற வீட்டில நீ அழுது குழறினால் என்ன செய்யிறது? அதுதான் முடியட்டும் எண்டு பாத்தனான்." அதற்குள் ஊரில் எரித்துவிட்டார்கள். புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இதைக் கேட்ட அன்று வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கஜானி திட்டவில்லை. "அவவை ஒருநாள் நான் பாப்பன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாள் போன மாதம் வந்தது. இளைய மகள் சாம்பவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வசீகரன், குவைத்தில் மங்காஃபில் இருக்கும் குடும்பம். ஷவருக்கு எங்கள் கம்பெனியைப் பிடித்தது தாய். அதற்கு முந்தைய நாள் தோழிகளோடு போட்டில் பேச்சலரெட் பார்ட்டி வைக்க, அதே கம்பெனியைப் பிடித்தது மகள். ஆர்டர் பேப்பரில் மகேசன் என்ற பெயரைப் பார்த்ததும் இரண்டு வேலைக்கும் தானே போவதாகக் கஜானி எழுதிக்கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் போட் துறையில் நான் வேனோடு நின்றேன். சாமான்களை இறக்கி அலங்காரம் முடியும் நேரத்தில், தோழிகளுக்கு முன்னாலேயே சாம்பவி வந்துவிட்டாள். இருபத்தாறு வயதுப் பெண். பார்த்த மாத்திரத்தில் "கஜானி அக்கா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் அவளுக்குத் தலை வாரிச் சோறு ஊட்டியவள், அவர்கள் பேச்சில் 'தீத்தியவள்', கஜானி. இருவரும் போட்டின் பின்பக்கம் போய்ப் பேசினார்கள். கஜானி இறங்கி வந்தபோது கையில் ஒரு கவர் இருந்தது.

மறுநாள் ஷவருக்குப் போகும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். சாம்பவிக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையும் படிப்பும் கிடையாது என்று மங்காஃப்காரர்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். இவளுக்கோ அயர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஞாயிறு பகல் ஒரு மணிக்கு ஃப்ளைட். வீட்டில் சலூனுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். போட்டில் நடந்தது கல்யாணப் பெண்ணுக்கு வைத்த பார்ட்டி இல்லை, ஊரை விட்டுப் போகிறவளுக்குத் தோழிகள் வைத்த பார்ட்டி. தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்தத் தோழிகளில் ஒருத்திக்கும் துணிவில்லை.

"ஒண்டரைக்குக் கடிதத்தைக் குடுக்கட்டாம். ஃப்ளைட் எழும்பின பிறகு. ஆக்கள் மூண்டு மணிக்குத்தான் வருவினம், அம்மா எல்லாருக்கும் போன் பண்ணி நிப்பாட்டிப்போடுவா, சபையில வெக்கப்பட மாட்டா எண்டு சொன்னவள்."

"நீ என்ன செய்யப் போறே?" என்றேன்.

கஜானி கவரை ஏப்ரன் பைக்குள் செருகினாள்.

"குடுக்காத ஆத்தா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஒரு மணிக்கு அந்த வில்லாவுக்குள் போனோம். திருமதி மகேசன் கஜானியை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, அந்த ரோஜாவைக் கொஞ்சம் மேல ஏத்தும்" என்றார். ஒரு வருடம் தன் வீட்டில் படுத்தெழும்பிய பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஜானி ரோஜாவை மேலே ஏற்றினாள். ஒன்றரை மணி ஆனது. அவள் பலூன் மாலையை ஒரு முழம் இறக்கிக் கட்டினாள். இரண்டு மணிக்கு மணப்பெண் நாற்காலிக்கு வெள்ளை வலை போட்டாள். ஏப்ரன் பையில் கவரின் முனை தெரிந்தது. கதவோரம் நின்றிருந்த நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள், நாற்பது பேர் இருக்கும். மங்காஃபிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா பதினொரு தட்டோடு இறங்கினார். புடவை, வளையல், பழம், இனிப்பு. நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. மூன்றரைக்குத் திருமதி மகேசன் மகளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. நாலு மணிக்கு சலூனுக்குப் போட்டார். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். சிரித்த முகத்தோடு திரும்பி வந்து, "டிராஃபிக்" என்றார். சம்பந்தியம்மா கடிகாரத்தைக் காட்டினார்.

"நாலரைக்கு ராகுகாலம் துவங்குது. அதுக்குள்ள நான் முதல் வளையல் போடவேணும். பிள்ளை எங்க?"

"வந்துகொண்டிருக்கிறாள்" என்றார் தாய். அவர் நெற்றியில் வியர்வை பொட்டைக் கரைத்துக்கொண்டிருந்தது.

நாலு இருபதுக்குக் கஜானி ஏணியிலிருந்து இறங்கினாள். கம்பெனித் தொப்பியைக் கழற்றினாள். நாற்பது பெண்களுக்கும் நடுவே நடந்துபோய்க் கவரை நீட்டினாள்.

"சாம்பவி தந்தவள். உங்களிட்டக் குடுக்கச் சொன்னவள்."

திருமதி மகேசன் படித்தார். படித்து முடிக்கும் முன்பே அலங்கரித்து வைத்திருந்த அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஒருத்தி கடிதத்தை வாங்கிப் படித்து, "பிள்ளை ஃப்ளைட் ஏறிட்டாளாம்!" என்று சபைக்கே அறிவித்தாள்.

"எப்ப தந்தவள் உம்மட்ட?" என்று திருமதி மகேசன் கஜானியைப் பார்த்துக் கேட்டார்.

"நேற்று. ஒண்டரைக்குக் குடுக்கச் சொன்னவள்."

"ஒண்டரைக்கோ! அப்ப ஏன் குடுக்கேல்லை? நான் எல்லாரையும் நிப்பாட்டியிருப்பனே! நீர் ஆர்?"

"நான் கஜானி. தாரகன்ரை மனிசி."

"எந்தத் தாரகன்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாள் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டார். கஜானி சொல்லத் தொடங்கினாள். எந்த வருடம், எந்தக் கிழமை, எத்தனை கட்லட், எத்தனை பேர் பந்தி, ஊரில் எத்தனை மணிக்குக் கொள்ளி வைத்தார்கள், எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. நாற்பது பேரும் கேட்டார்கள்.

சம்பந்தியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "துடக்குக்காரியின்ரை கையாலயோ மூத்தவளின்ரை விசேசத்துக்குப் பந்தி வச்சனீங்கள்?" என்றார். ஒருத்தன் செத்ததைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை, தீட்டுத்தான் பெரிதாகப் பட்டது. ஆனாலும் அன்றைக்கு அது எங்களுக்கு உதவியது. பதினொரு தட்டும் வந்த வழியே காருக்குப் போயின. ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சொந்தக்காரர்கள்கூட "போயிட்டு வாறம்" என்று சொல்லாமலே நழுவினார்கள். திருமதி மகேசன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

வேனில் ஏறியதும் கஜானி, "பசிக்குது அண்ணை" என்றாள். வழியில் இரண்டு பொரோட்டா வாங்கிக்கொடுத்தேன். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படி ருசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

முதலாளி அன்றே சீட்டைக் கிழித்தார். திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் கிடந்த அவளுடைய சாமான்களை எடுத்துவர அஜ்மானிலிருந்து நான்தான் கூட்டிப்போனேன். வழியில் போன் வந்தது. சாம்பவி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நேரத்துக்குக் குடுத்தனீங்கள்தானே? என்ரை அக்காவும் எடுக்கிறா இல்லை, அப்பாவும் எடுக்கிறார் இல்லை. அம்மா ஆக்களுக்கு முன்னால..."

"இல்லை பிள்ளை. நான் குடுக்கேல்லை. எல்லாரும் வந்த பிறகுதான் குடுத்தனான்."

"ஏன் அக்கா?"

கஜானி தாரகனைப் பற்றிச் சொன்னாள். நான் மூன்றாவது முறையாகக் கேட்டேன். அந்தப் பக்கம் பெண் விம்மும் சத்தம் கேட்டது. பாவம், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேசினாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. அண்டைக்கு அந்தப் போனை எடுத்தது நான்தான். நான்தான் அம்மாட்டச் சொன்னனான். நீங்கள் அறியக் கூடாது எண்டு அம்மா சொன்னவ. சனிக்கிழமை போட்டில சொல்லத்தான் நினைச்சனான். வாய் வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

கஜானி போனைக் கட் பண்ணினாள். எனக்கு முன்னால் போகிற வண்டி கண்ணில் படவில்லை.

"அவளுக்கு அப்ப பதினாலு வயசு அண்ணை" என்றாள்.

"பதினாலு வயசுக்கு வாய் கிடையாதா?" என்று கத்தினேன்.

"இருந்தது. அண்டைக்கு வந்து, அக்கா பசிக்குது எண்டு கேட்டவள். நான் பாண் வெட்டிச் சம்பல் வச்சுத் தீத்தினனான். முழுக்கச் சாப்பிட்டவள்."

திரும்பவும் போன் அடித்தது. அதே நம்பர். கஜானி அடித்து ஓயும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த நம்பரை பிளாக் பண்ணிவிட்டு, போனைப் பைக்குள் போட்டாள்.