பதினோரு நாளும் மூன்று

செகந்திராபாத் போவன்பள்ளியில் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்குத் தெருவிலிருந்து பதினேழு படிகள். வீடு பார்க்கப் போன அன்றே எண்ணிவிட்டேன். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவனுக்கு எண்ணாமல் இருக்க வராது. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வீட்டில் மீந்திருந்தது என் மகள்தான்.

அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. எண்ணூறு மீட்டர் ஓடுவாள். அவளுடைய சிறந்த நேரம் இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி. எங்கள் தெருவின் இருபத்திரண்டு வீடுகளில் ஒன்பதில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். இவள் படிப்பில் சுமார். ஒரு அரசு அலுவலகம் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கத் தேர்வு ஓட்டம் அறிவித்தது. எண்ணூறு மீட்டருக்கு இரண்டு இடம். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே இது ஒன்றுதான்.

ஓட்டத்துக்கு இருபத்தொன்பது நாள் இருக்கும்போது இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலிக்கிறது என்றாள். மறுநாளே எக்ஸ்ரே எடுத்தேன். சுத்தமாக இருந்தது. தொழிற்சாலையில் முத்திரை குத்தி வெளியே அனுப்பும் பொருளைப் போல அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை பார்த்தேன். எலும்பு சரி என்றால் தசைதான். ஐஸ் வைத்தோம், தைலம் தேய்த்தோம்.

அடுத்த நாள் நான் ஒரு கிராப் நோட்டு வாங்கினேன். தினமும் காலையில் அவள் பல் தேய்த்து வந்ததும் வலி எவ்வளவு என்று கேட்பேன். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. நான்கோ அதற்கு மேலோ என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. மூன்று என்றால் ஓடலாம்.

முதல் நாள் ஆறு. பிறகு ஐந்து, ஐந்து, நான்கு. நான்கு நாளும் வீட்டிலேயே இருந்தாள். ஐந்தாம் நாள் "மூணு" என்றாள். அனுப்பிவிட்டேன். அதன் பிறகு தினமும் மூன்று.

"அவ என்ன உங்க கம்பெனி போல்ட்டா? காலங்காத்தால அளந்துகிட்டு இருக்கீங்க" என்றாள் மனைவி. முப்பது வருடம் செகந்திராபாத்தில் இருந்தும் அவள் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

"அளக்காம எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியும். நீங்க நோட்டைத்தானே பாக்கீங்க."

மைதானத்துக்கு நான் போவதில்லை. ஓடுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலிக்கு வெளியே நின்று வினாடி கத்துகிறேன் என்று கோச் என்னை வர வேண்டாம் என்றிருந்தார். அவள் ஷேர் ஆட்டோவில் போய்வருவாள். திரும்பும் நேரத்தில் காய்கறி மார்க்கெட் லாரிகளின் இரைச்சலில் வீட்டில் பேசுவதே கேட்காது.

ஓட்டத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்த அன்று மார்க்கெட்டுக்கு விடுமுறை. தெரு அமைதியாக இருந்தது. நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கீழே ஆட்டோ நின்றது. அவள் படியேறும் சத்தம் கேட்டது. வழக்கமாகப் பதினேழு காலடி. உற்சாகமாக இருந்தால் இரண்டிரண்டாகத் தாவி ஒன்பது. அன்று எண்ணிக்கை பதினேழைத் தாண்டியும் நிற்கவில்லை. இருபது, இருபத்தைந்து, முப்பது. முப்பத்துநான்கில் கதவு திறந்தது.

ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைத்து, இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து ஏறியிருக்கிறாள். எழுபது வயதுக் கிழவி ஏறுவதைப் போல.

"ஏட்டி, இன்னைக்கும் மூணுன்னுதானே சொன்னே?" என்றேன்.

அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நாலுன்னா ஓடக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க. இப்போ கைக்கு கேக்குறீங்க?" கைக்கு என்றால் எதற்கு; இந்த ஊர் உருது அவள் தமிழில் கலந்திருந்தது.

கிராப் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினோரு நாள் ஒரே கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல. தொழிற்சாலையில் ஒரு அளவுமானி இரண்டு நாள் ஒரே எண்ணைக் காட்டினால் முள் சிக்கிக்கொண்டது என்று சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கியிருப்பேன். அப்படி எத்தனையோ ஒதுக்கியிருக்கிறேன். இதை ஒதுக்கவில்லை. எனக்கும் மூன்றுதான் வேண்டியிருந்தது.

அன்று மாலையே மூன்று பேரும் சைனிக்புரியில் ஒரு டாக்டரிடம் போனோம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரியில் இருந்த காலத்தில் கற்ற தமிழை உத்தரவு போடுவது போலப் பேசினார்.

"நில்லு. இந்தக் கால்லே மட்டும் குதி."

அவள் ஒருமுறை குதித்தாள். இரண்டாவது முறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவளைப் படுக்கவைத்து முன்னெலும்பின் மேலிருந்து கீழே ஒரே விரலால் அழுத்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் அவள் கத்தினாள்.

"ஒரு ஜாண் நீளத்துக்கு வலிச்சா, ஓட ஓடக் குறைஞ்சா, அது வேறே. கொஞ்சம் ரெஸ்ட் போதும். இது விரல் நுனி இடம். ஓட ஓட அதிகம். எலும்பிலே முடி மாதிரி விரிசல். புது ரெக்ரூட்டுக்கு நிறைய வரும்."

எக்ஸ்ரேயை நீட்டினேன். அவர் கையில் வாங்கவே இல்லை. "முதல்லே இதிலே தெரியாது சார். ஸ்கேன் எடுங்க."

பிறகு அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் சொன்னேன்: நாற்பத்தேழு கிலோவைத் தாண்டக் கூடாது, அதனால் மத்தியானம் ஒன்றரைக் கப் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் திரும்பி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றார். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள்.

"அஞ்சு மாசமா இல்ல" என்றாள் மனைவி, மெதுவாக. "ஓடுத பிள்ளைகளுக்கு அப்படித்தான்னு கோச் சொன்னாராம்."

"சாப்பாடு போதலேன்னா அது நிக்கும். அது நின்னா எலும்பு வீக் ஆகும்" என்றார் டாக்டர். சோற்றைக் கப்பில் அளந்தவன் நான்.

"பதின்மூணு நாள் இருக்கு, டாக்டர்."

"எட்டு வாரம் ஓடக் கூடாது. பத்து வாரமும் ஆகலாம்."

"ரெண்டு நிமிஷம் பதினாலு வினாடிதான். ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா..."

"ஊசி போட்டா வலி தெரியாது. கால் உடையும். அப்புறம் நடக்கறதே கஷ்டம்."

நான் நான்கு முறை கேட்டேன். நான்காவது முறை மகளே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நக்கோப்பா. வேண்டாம், வாங்க."

ஸ்கேனில் கோடு தெரிந்தது. அதன் பிறகும் அவளை இன்னும் இரண்டு டாக்டர்களிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் அதே இடத்தில் விரலை வைத்தார்கள். இரண்டு முறையும் கத்தினாள். என் நம்பிக்கைக்காக அந்தக் காலை யாராவது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஓட்டத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்க அந்த அலுவலகத்துக்கும் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். அடுத்த வருடம் வரச்சொன்னார். பிறந்த தேதியைக் கேட்டார். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தவர் பாதியில் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

ஓட்டத்தன்று காலை ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டு நிறையச் சோறு. அவள் அம்மா அளக்காமல் போட்டது.

"நீங்க போய் டைம் எடுத்துட்டு வாங்கப்பா. இன்னைக்கு கோச் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

போனேன். வேலிக்கு வெளியே நின்றேன். கத்தவில்லை. ஒன்பது பெண்கள் ஓடினார்கள். முதலில் வந்தவளுக்கு இரண்டு நிமிடம் பதினாறு வினாடி, அடுத்தவளுக்குப் பதினேழு. கடிகாரத்தைப் பலமுறை பார்த்தேன். அது சிக்கவில்லை. என் மகள் அந்தக் கோட்டில் நின்றிருந்தால், முழுக்காலோடு நின்றிருந்தால்.

எல்லாரும் போன பிறகும் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

வீட்டுப் படிகளை ஏறும்போது நானும் ஒவ்வொரு படியிலும் நின்றேன். அவள் அதே ஜன்னலோரம் இருந்தாள்.

"எத்தனை?" என்றாள். நான் காலையில் அவளைக் கேட்கிற அதே குரல்.

"முதல் ஆள் ரெண்டு ஒன்பது. அடுத்தது ரெண்டு பத்து."

"ரெண்டு ஒன்பதா?"

"ஆமா."

"அப்போ ஓடியிருந்தாலும் கிடைச்சிருக்காது."

"கிடைச்சிருக்காதும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்ற மனைவி நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.