பிரஷ் துடைக்கிற சுவர்

நாத்தனார் வாயால அண்ணிக்கு நல்ல பேரா? கேக்கறவங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து எனக்கும் அவங்களுக்கும் ஆகாதுன்னுதான் எல்லாருக்கும் நினைப்பு. பாதி நிஜம்தான். சமையல்ல உப்பு போட மறந்துட்டு, "உடம்புக்கு நல்லது"ன்னு சமாளிக்கிற மனுஷியோட எப்படி ஒத்துப் போறது, சொல்லுங்க!

அண்ணிக்கு கரையோர மண்டல ஆபீஸ்ல வேலை. வரிசையா இருக்கிற துறைமுகம் எல்லாத்துக்கும் சேர்த்து அந்த ஒரு ஆபீஸ்தான். பழைய கலங்கரை விளக்கம், படகுத்துறை, கிடங்கு எதையும் இடிக்காம காப்பாத்தணும், நாலு பேர் வந்து பாக்கற மாதிரி வெக்கணும். அதுக்கு எல்லா ஊருக்கும் பொதுவா ஒரு கொள்கை வேணும்னு அதை உக்காந்து எழுதினது எங்க அண்ணி. இதுல கூத்து என்னன்னா, கரையில கட்டிப் போட்ட படகுல ஏறினாலே அவங்களுக்குத் தலை சுத்தும். "ஊர்ப்பட்ட துறையைக் காப்பாத்தறீங்க, உங்களை யாரு அண்ணி காப்பாத்தறது?"ம்பேன். முறைப்பாங்க, அவ்வளவுதான்.

நானும் என் வீட்டுக்காரரும் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவங்க. எங்க ஊர்ப் படகுத்துறைக்குப் பின்னாடி ஒரு பழைய கல் கொட்டகை இருக்கு. படகை உள்ள இழுத்து ஏத்தி, பழசைச் சுரண்டி, பட்டி பார்த்து, புதுசா அடிச்சு அனுப்புவோம். எங்களை மாதிரி இன்னும் சில குடும்பத்துக்கும் அங்கதான் பொழப்பு. வேலை முடிஞ்சதும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில முக்கறதுக்கு முன்னாடி, மிச்சப் பெயின்டை உள்சுவர்ல ஒரு இழுப்பு இழுத்துத் துடைப்போம். யார் ஆரம்பிச்ச பழக்கமோ, தெரியாது. துடைச்சுத் துடைச்சு அந்தச் சுவர் மேல பெயின்டே நாலு விரல் கனத்துக்கு ஏறிப் போச்சு. கல் இருக்கிறதே தெரியாது.

அந்தக் கொட்டகையும் காப்பாத்த வேண்டிய கட்டடம்னு முடிவாச்சு. இனிமே எவனும் இடிக்க முடியாதுன்னு நாங்க சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் முழு விவரம் வந்துச்சு. சுவரைச் சுரண்டிப் பழைய கல்லை வெளிய கொண்டு வரணுமாம். அதுக்கப்புறம் உள்ள பெயின்ட் வேலையே கூடாதாம். உத்தரவுல கையெழுத்து யாரோடதுங்கறீங்க? சாட்சாத் எங்க அண்ணியோடது!

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். நேரா வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்த அண்ணன் என் மூஞ்சியைப் பார்த்ததும், "துணி காயப் போடணும்"னு மாடிக்கு ஏறிட்டார். பிழைக்கத் தெரிஞ்சவர்.

"கட்டடத்தைக் காப்பாத்திட்டு எங்களை நடுத்தெருவுல விடறீங்களே அண்ணி, இது நியாயமா?"

"பெயின்ட் கல்லுக்குக் கெடுதல்னு நிபுணர் எழுதியிருக்கார். உங்களுக்கு வேற இடம் கேட்டிருக்கேன்."

"நீங்க உள்ள வந்து பார்த்தீங்களா?"

"போட்டோ பார்த்தேன்."

"போட்டோவா! பொண்ணு பாக்கறதுக்குக்கூட நேர்ல வருவாங்க அண்ணி!"

அவங்க அந்த போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தாங்க. நான் விருட்டுனு வந்துட்டேன்.

மறுநாள் காலையில மெஷினோட ஆளுங்க வந்து ஒரு மூலையில ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு கதவு அகலத்துக்குக் கல் வெளிய வந்தப்போ அண்ணி வந்து சேர்ந்தாங்க. மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு, வெட்டுப்பட்ட பெயின்டோட விளிம்புகிட்டக் குனிஞ்சாங்க. நீலம், அதுக்குள்ள சிவப்பு, அதுக்குள்ள வெள்ளை, பச்சை, மறுபடி நீலம்னு அடுக்கடுக்கா, நூல் கனம் நூல் கனமா உள்ள போயிட்டே இருந்துச்சு. விரலை வெச்சுத் தடவினாங்க.

"இதெல்லாம் படகா?"ன்னாங்க.

"ஆமா. வந்து போன படகு எல்லாம்தான்"னேன்.

சட்டுனு நிமிர்ந்து, "மெஷினை நிறுத்துங்க!"ன்னாங்க.

"மேடம், நீங்க போட்ட ஆர்டர்தானே?"ன்னார் மேஸ்திரி.

"போட்டவதான் நிறுத்தச் சொல்றேன்."

விஷயம் மண்டலக் கூட்டத்துக்குப் போச்சு. அண்ணிக்குப் பெரிய பதவி வர வேண்டிய சமயம் அது. நாங்கல்லாம் கடைசி வரிசையில உக்காந்திருந்தோம். தலைவர் கேட்டார்: "சுரண்டச் சொன்னதும் நீங்க, வேண்டாங்கறதும் நீங்க. எதும்மா தப்பு?"

பழியை நிபுணர் தலையில போட்டுடுங்க அண்ணின்னு நான் மனசுக்குள்ள கத்தறேன். ஒரு வார்த்தை போதும், பதவி கைக்கு வந்துடும். அவங்களோ எழுந்து நின்னு, "அப்போ சொன்னதுதான் தப்பு. கல்லைப் பத்திக் கேட்டேன், அவர் கல்லைப் பத்திச் சொன்னார். உள்ள வேலை செய்யறவங்களைப் பத்தி நான்தான் கேக்கல"ன்னாங்க.

"சரி, சுவருக்குக் கண்ணாடி போட்டுட்டு, இவங்களுக்கு வேற இடம் கொடுத்துடலாமே"ன்னார் இன்னொருத்தர்.

அண்ணிக்குக் கோபம் வந்து அன்னிக்குத்தான் பார்த்தேன். "அந்த வேலைதான் அந்தச் சுவரை உண்டாக்கிச்சு. வேலையை விரட்டிட்டு வெறும் சுவரை யாருக்குக் காட்டறது?"

கொள்கை மாறிச்சு. எந்தத் துறைமுகமா இருந்தாலும் சரி, வேலை நடக்கிற பழைய இடத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி அங்க வேலை செய்யறவங்களைக் கேக்கணும், அவங்களை வெளியேத்தக் கூடாது. இப்போ எல்லா ஊருக்கும் இதுதான் விதி. வலை உலர்த்தற முற்றம், படகுப் பாய் தைக்கிற கூடம்னு எத்தனையோ இடம் அதனால பிழைச்சுது. பதவி மட்டும் வேற ஒருத்தருக்குப் போச்சு. எனக்குத்தான் ஆறல. அண்ணி மறுநாளும் அதே டிபன் பாக்ஸோட அதே பஸ்ல ஏறிப் போனாங்க.

அந்தச் சுரண்டின மூலையை நாங்களே பெயின்ட் அடிச்சு மூடிடறோம்னோம். அரை நாள் வேலை. வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. அந்த இடத்துல பிரஷ் துடைக்கவும் கூடாதாம்.

புதுசா வேலைக்குச் சேர்ற அதிகாரிங்க எந்தத் துறைமுகத்துலேர்ந்து வந்தாலும், அண்ணி அவங்களை முதல்ல அந்த மூலைக்குத்தான் கூட்டிட்டு வர்றாங்க. வெறும் கல்லைக் காட்டி, "இது நான் பண்ணினது. போட்டோ பார்த்துக் கையெழுத்து போட்டேன்"னு சொல்லிட்டு, எங்க பக்கம் கை காட்டி, "இனி இவங்களைக் கேளுங்க"ன்னு ஒதுங்கி நிக்கறாங்க. நானா இருந்தா அந்த மூலையை மறுநாளே மறைச்சிருப்பேன்.