இரட்டைப்படை மாதம்

பாஞ்சாலைக்கு யாரும் தைரியம் சொல்ல வேண்டியதில்லை. அவள்தான் ஊருக்கே சொல்லுவாள். திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கீழ்பென்னாத்தூர்க்காரி. 1975இல் வேணுவைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனாள். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை.

மாசமான பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. "மலைன்னா அப்படித்தான், வயித்துப்பிள்ளைக்காரி வேற" என்றார்கள். ஆறாம் மாதம் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்தாள். உதடெல்லாம் நீலம். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடிவிட்டது, இந்த உயரத்தில் இருந்தால் இன்னும் கூடும், தாயும் பிள்ளையும் பிழைக்க வேண்டுமானால் உடனே கீழே இறங்குங்கள் என்றார் டாக்டரம்மா.

இங்கேதான் வம்பு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஒற்றைப்படை மாதத்தில்தான் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம். "ஏழு பொறக்கட்டும், வளையல் போட்டு நானே கூட்டியாறேன்" என்று அவள் அம்மா தங்கம்மாள் ஆள் விட்டுச் சொன்னாள். பிறகு கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு என்ன, மாதம் பார்த்தா நிற்கும்?

பாஞ்சாலை சண்டை போடவில்லை. வேணுவோடு நேரே திருவண்ணாமலைக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக் கீழறையை வாடகைக்குக் கேட்டாள். "இது எங்கம்மா வீடு இல்லியேக்கா. எந்த மாசம் வந்தா என்ன?" என்றாள், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. சாமர்த்தியக்காரி! சிரித்தபடியே பாய் விரித்துக் கொடுத்தேன்.

இங்கிருந்த டாக்டர் வேலூருக்கு அனுப்பினார். ஏழாம் மாத வளைகாப்பு அங்கே வார்டிலேயே நடந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கை நிறையக் கண்ணாடி வளையல். தங்கம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். இவளோ, அடுத்த கட்டில்காரிக்கும் வளையல் போடச் சொல்லி அதட்டினாள். பெண் பிறந்தது. தாய் பிழைப்பாளா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிழைத்தாள்.

இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது, மலைக்கும் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வேணு ஊட்டி வேலையை விட்டுவிட்டு இங்கே பஸ் ஸ்டாண்டில் டீக்கடை போட்டான். வந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் தானே செய்துகொண்டான். தெருவே சிரித்தது. வருஷங்கள் போயும் தங்கம்மாளுக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் கடையிலேயே கேட்டுவிட்டாள்: "ஒரு ஆம்பளைப் பிள்ளை இல்லாம போச்சே, மாப்பிள்ளே?"

வேணு கிளாஸ் கழுவுவதை நிறுத்தவில்லை.

"பையன் இல்லன்னா ஊரு கேக்கும், அத்தே. உங்க பொண்ணு இல்லன்னா நான் என்னா பண்ணுவேன்?"